வேலை கொடுத்தவர் யார்? கூட்டுறவு வங்கி நியமனங்களின் வழக்கு வரலாறு

கூட்டுறவு வங்கியொன்றில் ஒருவன் குமாஸ்தாவாக அமர்கின்றான். அவனுக்கு அவ்வேலையைக் கொடுத்தவர் யார்? தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்ட தலைவரா? அவருடன் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த டைரக்டர்களா? சங்கத்தைப் பதிவு செய்த ரிஜிஸ்திராரா? அன்றிப் பத்தும் இருபதுமாகப் பங்குப் பணங் கட்டிவிட்டுத் தன் வயலுக்கோ தறிக்கோ திரும்பிச் சென்ற அங்கத்தினனா? கேள்வி எளியதாகவே தோன்றும். ஆயினும், இந்திய நீதிமன்றங்கள் இதற்கு விடை காண அரை நூற்றாண்டிற்கு மேலாக உழன்றிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்குகளும் பல. அவற்றால் வேலை நிலைக்கப் பெற்றோர் உளர். நடுவயதில் வேலையிழந்து வீதிக்கு வந்தோரும் உளர்.

அக்கரை வழக்கு நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் முன்னோர் கப்பலேறி வந்த ஜில்லாக்களில் வட்டிக் கடனை ஒழிக்கவென்று தோன்றியவை அச்சங்கங்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நாம் கண்ட சிக்கன நாணயச் சங்கங்களுக்கும் இந்தியச் சட்டமே முன்மாதிரியாயிற்று. அன்றியும், செக்குரோலும் பேரேடும் எழுதிப் பிழைக்கும் வகுப்பினராகிய நமக்கு, ஒரு குமாஸ்தாவின் நாற்காலி எதன் மேல் நிற்கின்றது என்பதைக் காட்டிலும் நெருங்கிய விஷயம் வேறு யாது? ஆகலின், இவ்வரலாற்றை ஒழுங்காக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண் வங்கி பிறந்த கதையைக் காண்போம். சென்னை மாகாண அரசாங்கம், குடியானவர் கடன் தொல்லைக்கு மருந்து தேடும் பணியைப் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியிடம் ஒப்புவித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் நாணயச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பார் கிராமத்தாரையே ஒன்றுகூட்டி நடத்திக் காட்டிய வழியே இந்நாட்டிற்கும் ஏற்றதென்பது அவ்வறிக்கையின் சாரம். 1904-இல் இந்திய அரசாங்கம் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டத்தை இயற்றிற்று. அதே ஆண்டில் காஞ்சீபுரத்தில் நகர வங்கியும், திரூரில் கிராம நாணயச் சங்கமும் தோன்றின. 1905-இல் சென்னையில் மத்திய நகர வங்கி அமைந்தது. இன்று தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி என வழங்குவது அதுவே. 1912-ஆம் ஆண்டுச் சட்டம், சங்கங்கள் பல கூடி மேற்சங்கம் அமைக்க இடந்தந்தது. இவ்வாறு கிராமத்திலொரு சங்கம், ஜில்லாவிலொரு மத்திய வங்கி, மாகாணத்திலொரு தலைமை வங்கி என மூன்றடுக்கு மாளிகை எழுந்தது.

அந்நாளில் வேலைக்காகச் சண்டை இல்லை. சண்டையிடத்தக்க வேலையே அங்கு இல்லை. கிராமச் சங்கத்தின் காரியதரிசி பெரும்பாலும் கௌரவ உத்தியோகஸ்தர். பள்ளி ஆசிரியரோ கர்ணமோ மாலை வேளையிற் கணக்கெழுதிக் கொடுப்பார். ஊதியம் உண்டெனில் அது வெற்றிலைச் செலவிற்குப் போதும். வங்கிகள் வளர்ந்தபின் நிலைமை மாறிற்று. வைப்புத் தொகை பெருகியது, கிளைகள் தோன்றின, விதை, உரம், நகைக் கடன், பங்கீட்டுக் கடை யாவும் கூட்டுறவின் கைக்கு வந்தன. மாதச் சம்பளம், ஆண்டு ஏற்றம், ஓய்வுகாலத் தொகை என்பன குமாஸ்தா வேலையைச் சூழ்ந்தன. நிலமற்ற வீட்டின் படித்த பிள்ளைக்குச் சொந்த ஊரிலேயே கிடைக்கும் உத்தியோகம் அது ஒன்றே என்னும் நிலை பல கிராமங்களில் உண்டாயிற்று. அன்று முதல், அதனைக் கொடுக்கும் அதிகாரமும் விலைமதிப்புடைய பொருளாயிற்று.

இவ்வதிகாரம் எவ்வாறு நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுதல் வேண்டும். அங்கத்தினர் தேர்ந்தெடுத்த நிருவாகக் குழு கூடும். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘இதர விஷயங்கள்’ என்றொரு வரி இருக்கும். வேலைப்பளு மிகுதியாயிருத்தலின் இன்னாரைத் தினக்கூலி அடிப்படையிலே தற்காலிகமாக அமர்த்திக்கொள்வது என்று தீர்மானம் எழுதப்படும். விளம்பரம் இல்லை, தேர்வு இல்லை, போட்டியும் இல்லை. வந்தவர் தலைவருக்கு உறவினராகவோ, டைரக்டருக்கு வேண்டியவராகவோ, தேர்தலில் உழைத்தவராகவோ இருப்பர். தற்காலிகம் என்ற சொல் ஆறு மாதத்திற்கொருமுறை புதுப்பிக்கப்பெற்று ஆறாண்டாகும்; பத்தாண்டாகும். பின்னர் வேறு குழு பதவிக்கு வரும். முன்னவர் வைத்த ஆளை நீக்கித் தம் ஆளை வைக்க முற்படும். அன்றுதான் நீதிமன்றத்தின் படி மிதிக்கப்படும். எல்லாச் சங்கங்களும் இவ்வாறே நடந்தன என நாம் கூறவில்லை. நேர்மையாய் நடந்த குழுக்கள் வழக்கேடுகளில் இடம் பெறாமையால் அவற்றின் பெயர் வெளிவரவில்லை.

இதனால் நஷ்டமடைவது யார்? கணக்கெழுதுவோர்க்கு இது விளங்கும். நூறு ரூபாய் கடன் கொடுத்து ஆண்டுக்குப் பத்து ரூபாய் வட்டி பெறும் சங்கமொன்று உண்டெனக் கொள்வோம். அப்பத்தில் ஏழு ரூபாய், வைப்புப் போட்டவர்க்கும் மேல் வங்கிக்கும் வட்டியாகப் போகுமாயின் மிஞ்சுவது மூன்றே. வாடகை, காகிதம், வாராக்கடன், சம்பளம் ஆகிய யாவும் அம்மூன்றிலிருந்தே வரவேண்டும். வேண்டாத நாற்காலி ஒன்றைப் போட்டவுடன் அங்கத்தினனுக்குரிய லாபப் பங்கு குறையும். மேலும் ஒன்று போட்டால் கடன் வட்டி ஏறும். தலைவர் தம் மடியிலிருந்து ஒரு காசும் இழப்பதில்லை. தர்மம் அவருடையது; பணம் பிறருடையது.

சட்டம் இதனை அறியாமலில்லை. சங்கத்தின் அளவிற்கும் வருமானத்திற்கும் ஏற்ப இத்தனை ஊழியர் என்னும் வரம்பு வேண்டும். வேலைக்குரிய கல்வித் தகுதி குறிக்கப்பெற வேண்டும். காலியிடம் பற்றிப் பலரும் அறிய வேண்டும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் 1983-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் கீழ் வந்த 1988-ஆம் ஆண்டு விதிகளுள் 149-ஆம் விதியும் இவற்றை வகுத்தன. காலியிடங்களை வேலை வாய்ப்பு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டுமென 1959-இல் மத்தியச் சட்டம் ஒன்றும் பிறந்திருந்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, அவ்வலுவலகம் அனுப்பும் பெயர்கள் மட்டும் போதா, பத்திரிகையிலும் பிறவாறும் விளம்பரஞ் செய்து, விண்ணப்பிப்போர் அனைவரையும் கருத வேண்டும் என்று உரைத்தது. ஆக, வேலி இருந்தது. வேலியைக் காக்க வேண்டியவரே அதைத் தாண்டினமையால் வழக்குகள் எழுந்தன.

அவ்வழக்குகள் மூன்று கேள்விகளைச் சுற்றிச் சுழன்றன. எந்த வாயிலில் முறையிடுவது? நீண்ட நாள் உழைப்பு உரிமை தருமா? தவறிய நியமனத்தின் செலவை ஏற்பவர் யார்? இவற்றை முறையே ஆராய்வோம்.

முதற் கேள்வி, எந்த வாயில் என்பது. சென்னை மாகாணத்து 1932-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, சங்கத்தின் அலுவலைப் பற்றிய தகராறுகளைப் பதிவாளரே தீர்க்கலாம் என்றது. ஏழை அங்கத்தினன் முன்சீப் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலையாதிருக்கவே இவ்வேற்பாடு. நோக்கம் நல்லதே. ஆயினும், வேலையாளின் வழக்கு சங்கத்தின் அலுவலைப் பற்றியதா? கடன் கொடுத்தலும் வசூலித்தலும் வங்கியின் அலுவல். குமாஸ்தாவை அமர்த்துவதும் நீக்குவதும் அவ்வலுவலில் அடங்குமா?

இதற்குத் தெளிவான விடை 1969-இல் வந்தது. ஆந்திர மாநிலத்துக் கூட்டுறவு மத்திய வங்கிகளுக்கும் அவற்றின் ஊழியர்க்கும் சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றித் தகராறு மூண்டது. அரசாங்கம் அதனை ஐதராபாத்துத் தொழில் நீதிமன்றத்திற்கு அனுப்பிற்று. எங்கள் தகராறு கூட்டுறவுச் சட்டத்தின்படி பதிவாளரிடமே போக வேண்டும், தொழில் நீதிமன்றத்திற்கு இங்கு இடமில்லை என்று வங்கிகள் வாதாடின. சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. வேலை நிபந்தனைகளை மாற்றக் கோருவது சங்கத்தின் அலுவலைப் பற்றிய தகராறு ஆகாது. அவற்றை மாற்றியமைக்கும் வல்லமை பதிவாளருக்கு இல்லை. தொழில் நீதிமன்றத்திற்கே உண்டு என்றது. மற்றொன்றும் கூறிற்று. சங்கத்தின் துணைவிதிகள், கம்பெனியின் உள் விதிகளைப் போன்றவை. சங்கத்தாரை அவை கட்டுப்படுத்துமேயன்றிச் சட்டத்தின் ஆற்றல் அவற்றிற்கு இல்லை.

இவ்விரண்டாவது கூற்றின் விளைவைப் படிப்போர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். துணைவிதி சட்டமன்று எனின், துணைவிதியை மீறி நீக்கப்பட்டவன் சட்டம் மீறப்பட்டது என்று கூற இயலாது. ஒப்பந்தம் மீறப்பட்டது என்றே கூறலாம். எஜமானனையும் வேலையாளையும் மனமின்றி ஒன்றுசேர்த்துக் கட்டிவைப்பதில்லை என்பது ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த பழைய கொள்கை. நஷ்டஈடு கிடைக்கும், நாற்காலி திரும்பக் கிடைக்காது. இந்திய நீதிமன்றங்கள் இதற்கு மூன்று விலக்குகள் கொண்டன. அரசாங்க உத்தியோகஸ்தர், தொழிற் சட்டத்திற்குட்பட்ட தொழிலாளர், சட்டத்தாலேயே கடமை விதிக்கப்பட்ட ஸ்தாபனத்தின் ஊழியர் ஆகியோரே அவ்விலக்கிற்கு உரியோர். கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா முதல் வகையினன் அல்லன். மூன்றாம் வகையில் அவனைச் சேர்ப்பதும் அரிது. எனவே 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே அவனுக்கு நெடுங்காலம் நிழலாயிற்று. அச்சட்டம் எழுத்து வேலை செய்வோரையும் தொழிலாளர் என ஏற்றது. ஆயினும், மானேஜர் பதவியில் இருந்தோரை அது ஏற்கவில்லை. ஒரே வங்கியில், ஒரே நாளில் நீக்கப்பட்ட காவற்காரனுக்கு ஒரு வாயில் திறந்திருக்க, மானேஜர் மட்டும் வேறு வாயில் தேடி அலைய நேர்ந்தது.

தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 90-ஆம் பிரிவில், சம்பள ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகராறுகளைப் பதிவாளர் தீர்க்கும் தகராறுகளினின்றும் வெளிப்படையாக விலக்கிற்று. 153-ஆம் பிரிவோ, கீழுள்ளோர் செய்த உத்தரவுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் அதிகாரத்தை மேலதிகாரிகட்கு அளித்தது. ஊழியர் பலர் அவ்வழியே சென்றனர். சென்னை ஐகோர்ட்டில் ரிட் மனுவும் போட்டனர். ரிட் மனு செல்லுமா, செல்லாதா என்பது பற்றித் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. இறுதியில், நாமக்கல் பகுதியிலிருந்து சென்ற வழக்கொன்றை 2006-இல் ஐந்து நீதிபதிகள் கூடி விசாரித்தனர். கூட்டுறவுச் சங்கம் பொதுவாக அரசின் அங்கமன்று. துணைவிதியை நிறைவேற்றித் தருமாறு கேட்கும் ரிட் செல்லாது. ஆனால் சட்டமே விதித்த பொதுக் கடமையைச் சங்கம் மீறியிருப்பின் ரிட் செல்லும் என்று அவர்கள் எல்லை வகுத்தனர். வாயிற் கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது. 1969-க்கும் 2006-க்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். தவறான வாயிலைத் தட்டிய குற்றத்திற்காகவே, வழக்கின் நியாயம் கேட்கப்படாமல் திரும்பியவர் எத்தனை பேரோ!

நிற்க. இரண்டாவது கேள்வி, நீண்ட நாள் உழைப்பு உரிமையாகுமா என்பது. இங்கே சட்டமும் மனமும் மோதின. 1981-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, தொழிலாளரை முடிவின்றித் தற்காலிகமாகவே வைத்திருக்கும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவன் நிரந்தரமாவான் என்பது அதன் கரு. மலையக, ரப்பர்த் தோட்டங்களில் தற்காலிகப் பெயரின் துன்பத்தை அறிந்த நமக்கு அச்சட்டத்தின் நியாயம் சொல்லாமலே விளங்கும். கூட்டுறவு ஊழியரும் அதனைப் பற்றினர். விதிப்படி அமர்த்தினரோ, இல்லையோ, நாங்கள் 480 நாளுக்கு மேல் உழைத்துவிட்டோம், எங்களை நிரந்தரமாக்குக என்றனர்.

அரசாங்கமும் இரங்கிற்று. 2001-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், கூட்டுறவுச் சங்கங்களில் வேலை வாய்ப்பு அலுவலகத்தின் வழியன்றி அமர்த்தப்பட்டு நாளெல்லை கடந்து உழைத்தோரை முறைப்படுத்துவதற்கு அரசாணை ஒன்று வெளிவந்தது. 2002-இல் சென்னை ஐகோர்ட்டு, விதிகளுக்கு முரணாக அமர்த்தப்பட்டோர் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நிரந்தரம் கோரல் ஆகாது எனத் தீர்ப்பளித்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 2004 ஜூலையில் அங்கு முடிவு வந்தது. கட்டாய விதிகளை மீறிச் செய்யப்பட்ட நியமனம் சட்டத்தின் கண்ணில் நியமனமே அன்று. உயிரற்றதற்கு அரசாங்கம் தன் நிருவாக ஆணையால் உயிர் ஊட்ட இயலாது. 480 நாள் வாதமும் அதற்குத் துணையாகாது என்பது அம்முடிவு. புறவாசல் வழியே வந்தோர் அவ்வாசல் வழியே செல்ல நேர்ந்தால் குறை கூறவியலாது என்று 1994-இல் வேறொரு வழக்கில் அக்கோர்ட்டு கூறியிருந்தது. பத்தாண்டுக்குப்பின் அக்கருத்து கூட்டுறவுக் குமாஸ்தாவின் மீது வந்து விழுந்தது.

இரண்டாண்டு கழித்து, 2006 ஏப்ரலில், கர்நாடகத்திலிருந்து சென்ற வழக்கில் ஐந்து நீதிபதிகளின் அரசியற் சட்ட அமர்வு இதே கொள்கையை அரசாங்க வேலைகள் அனைத்திற்கும் விரித்தது. ஆயினும், நுட்பமான பிரிவு ஒன்றையும் செய்தது. சட்ட விரோதமான நியமனம் வேறு. முறை குறைந்த நியமனம் வேறு. அங்கீகாரம் பெற்ற இடத்தில், தகுதியுள்ள ஒருவர், நீதிமன்றத் தடையுத்தரவுகளின் உதவியின்றிப் பத்தாண்டு உழைத்திருப்பாராயின், அவரை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தக் கருதலாம் என்றது. பின்வந்த ஆண்டுகளில், ஆட்சியாளர் பலர் இத்தீர்ப்பின் முற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு பிற்பகுதியை மறந்தனர். 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தோரின் வழக்கில், நெடுங்காலம் உழைத்தோரை வெளியேற்ற அத்தீர்ப்பை ஆயுதமாகக் கொள்ளலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டே கடிந்துரைக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் கருத்தைச் சொல்லுதல் கடன். ஊழியர் பக்கம் நின்று பார்க்கின், பதினைந்தாண்டு ஒரு பேரேட்டைத் தன் பேரேடாக எண்ணி எழுதிய ஒருவனை, நீ வந்த வழி தவறு என்று நாற்பதாம் வயதில் நீக்குவது கொடிதாகவே தோன்றுகின்றது. வழி தவறு எனின், அவ்வழியைத் திறந்து வைத்தவன் அவனல்லனே! ஆயினும், நீதிமன்றத்தில் நில்லாத மற்றொருவனையும் நாம் நினைக்க வேண்டும். அவன் வேலை வாய்ப்பு அலுவலகத்திற் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுதோறும் காத்திருந்தவன். அவனுக்கும் அதே கல்வி. ஒருகால் அதனினும் மிக்க கல்வி. டைரக்டரை அவன் அறியான். விளம்பரம் வராமையால், அவ்வேலை இருந்ததென்றோ, அது மற்றொருவர்க்குப் போயிற்றென்றோ அவனுக்குத் தெரியாது. தெரியாமையால் அவன் வழக்கிடவில்லை. வழக்கிடாமையால் அவன் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. இரக்கம் கண்முன் நிற்பவன் மீது செல்வது இயல்பு. காணப்படாதவனையும் எண்ணிப் பார்ப்பதே நீதி. ஆதலின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையை நாம் குறை கூறோம். அத்தீர்ப்பு பாதி நியாயமே செய்தது என்பதுதான் நம் குறை.

மற்றப் பாதி யாது? அதுவே மூன்றாவது கேள்வி. நியமனம் உயிரற்றது எனின், அதற்குக் கொடுத்த சம்பளம் எவர் பணம்? அங்கத்தினர் பணம். அதனை முறையின்றிச் செலவிட்டவர் எவர்? தீர்மானம் நிறைவேற்றிய குழுவினர். சட்டத்தில் இதற்கு இடமில்லாமற் போகவில்லை. தண்டத்தீர்வை என்று ஒரு முறை உண்டு. சங்கத்தின் பணத்திற்கு நம்பிக்கைத் துரோகத்தாலோ வேண்டுமென்றே செய்த அசட்டையாலோ நஷ்டம் விளைவித்தவரிடமிருந்தே அந்நஷ்டத்தை வசூலிப்பது அதன் கருத்து. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 49-ஆம் பிரிவாகவும், 1961-இல் 71-ஆம் பிரிவாகவும், 1983-இல் 87-ஆம் பிரிவாகவும் அது வாழையடி வாழையாக வந்திருக்கின்றது. ஆனால், வெறும் கவனக்குறைவு போதாது, வேண்டுமென்றே செய்தமை நிரூபிக்கப்பட வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு பன்முறை வலியுறுத்தியுள்ளது. எவரையும் ஆதாரமின்றித் தண்டித்தல் ஆகாது என்னும் அளவில் அது சரியே. ஆயின் விளைவைப் பாருங்கள். குமாஸ்தாவை நீக்க ஒரு கடிதம் போதும். டைரக்டரிடம் வசூலிக்க விசாரணை, உத்தரவு, அப்பீல், ரிட் என நான்கு படிகள் வேண்டும். எளியவனைத் தொடும் சட்டத்தின் கை நீண்டது. வலியவனைத் தொடும் கை குட்டையானது.

குழுக்களைக் கலைத்துவிட்டால் இக்குறை தீரும் என்று எண்ணினாரும் உண்டு. தேர்ந்தெடுத்த குழுக்களின் இடத்தில் தனி அலுவலரை அமர்த்த 1976-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்பின் தேர்தலே இன்றித் தனி அலுவலர் ஆண்ட காலங்கள் நீண்டன. அங்கத்தினர் ஓட்டுரிமை உறங்கியது. ஆனால் நியமன வழக்குகள் உறங்கவில்லை. டைரக்டர் இருந்த நாற்காலியில் அதிகாரி இருந்தார். அங்கத்தினன் முன்போலவே வெளியில் நின்றான்.

பயன் தந்தது வேறொரு வழி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, ஆளை வைத்து வேலை வாங்குவோரிடமிருந்து பிரித்தலே அது. கேரளத்தில், மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் தனித்தியங்கிய நாளில், அவற்றின் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பொதுப் பணித் தேர்வாணையத்திடம் ஒப்படைத்தனர். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஆள்சேர்ப்பு நிலையம் அமைத்து, விளம்பரஞ் செய்து, எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் நடத்தும் முறை வந்தது. ஊர் பேர் அறியாத ஒரு பெண், தன் மதிப்பெண்ணை மட்டுமே சிபாரிசாகக் கொண்டு கூட்டுறவு வங்கியின் கணக்கு மேசையில் அமர இயன்றது இம்முறையின் பயன். நேர்முகத் தேர்வு என்னும் சிறு சந்து வழியே பழைய காற்று புகக்கூடும் என்போர் கூற்றையும் புறக்கணித்தல் ஆகாது. ஆயினும், பெருவாசல் திறந்தபின் சந்தைக் காப்பது எளிது.

அங்கத்தினன் கண் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 2013-இல், கேரளத்துக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில், அரசாங்கத்தின் பெரும்பணமோ ஆழ்ந்த ஆதிக்கமோ இல்லாத சங்கம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்ட பொது அதிகார அமைப்பு ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு உரைத்தது. பதிவாளரிடம் உள்ள தகவலை அவர் வாயிலாகப் பெறலாம். சங்கத்தை நேரே கேட்டல் இயலாது. எனவே, வெளியார் வந்து கேள்வி கேட்டு நம் வங்கியைத் திருத்துவர் என்றிருத்தல் வீண். கேட்கும் உரிமை முழுதும் உடையவன் அங்கத்தினன். கேட்குமிடம் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாய் ஐக்கிய நாடுகளில் 1922-இல் கூட்டுறவுச் சட்டமும், அதற்கென ஒரு இலாக்காவும் தோன்றின. தபால், தந்தி ஊழியர் சங்கமே முதலிற் பதிவாயிற்று. சிங்கப்பூரில் அரசாங்க ஊழியர் சிக்கன நாணயச் சங்கம் 1925-இல் எழுந்தது. தோட்டங்களிலும் சேமிப்புச் சங்கங்கள் பரவின. துண்டு துண்டாகத் தோட்டங்கள் விற்கப்பட்டு நம் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் அவர்கள் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரத்தடியில் விடியுமுன் நின்ற ஆணும் பெண்ணும் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் தோட்டங்களையே வாங்கிற்று. அப்பணத்தின் தன்மை யாது என்பதை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை.

அத்தகைய பணத்தின் மீது போடப்படும் ஒவ்வொரு நாற்காலியும் கணக்குக் காட்டப்பட வேண்டும். ஆனால் நாம் பொதுக்கூட்டத்தில் என் செய்கின்றோம்? லாபப் பங்கு எத்தனை வீதம் என்று கேட்கின்றோம், தேநீர் அருந்துகின்றோம், வீடு திரும்புகின்றோம். தேர்தலில் நின்றவர் நம் ஊர்க்காரரெனில் கை தூக்குகின்றோம். அவர் நம் பிள்ளைக்கும் ஒரு வேலை தருவார் என்னும் நினைப்பு நம் நெஞ்சின் ஓரத்தில் இருக்குமாயின், புறவாசலைத் திறந்து வைப்பதில் நமக்கும் பங்குண்டு. அவ்வாசலில் நுழையும் பிள்ளை பின்னொரு நாள் எவ்வாறு வெளியேற்றப்படுவான் என்பதற்கு மேலே கூறிய வழக்குகளே சாட்சி. பெற்ற பிள்ளைக்கு நிலையான வேலை வேண்டும் என்போர், அவனைச் சிபாரிசின் வழியே அனுப்பாதிருத்தலே அவனுக்குச் செய்யும் நன்மை.

எனவே, சங்கம் எதுவாயினும், அதன் அங்கத்தினர் அடுத்த பொதுக்கூட்டத்தில் நான்கு கேள்விகளைக் கேட்பாராக. இவ்வாண்டு எத்தனை பேரை வேலைக்கு அமர்த்தினீர்கள்? அவ்விடங்கள் எங்கே, எந்நாளில் விளம்பரம் செய்யப்பட்டன? விண்ணப்பித்தோர் எத்தனை பேர். அவர்களுள் இவரைத் தேர்ந்ததற்குக் காரணம் யாது? தற்காலிகம் என்ற பெயரில் ஓராண்டுக்கு மேல் இருப்போர் எவர்? கேள்வியையும் விடையையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் செய்க. எழுதாவிடின், அதனை எழுதும் குமாஸ்தாவிடம் அன்புடன் வற்புறுத்துக. அவன் நாற்காலியின் உறுதியும் அவ்வரிகளில்தான் இருக்கின்றது.